கடைசியாக மாற்றியவர்: சவேரியாரடிமை

1

அப்பா இறந்து ஏழு வருடம் நிறைகிற வாரத்தில், நெதர்லாந்தில் அவர் மீது ஒரு புகார் வந்தது.

அப்பா கடியப்பட்டணத்தில் கட்டுமரத்தில் போய் மீன் பிடித்தவர். நாகர்கோவிலுக்குப் போவதென்றாலே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஏதோ கப்பலேறுகிறவர் மாதிரி கிளம்புவார். கம்ப்யூட்டரை அவர் தொட்டது ஒரே ஒரு தடவை. நான் சென்னையிலிருந்து கொண்டுபோன லேப்டாப்பின் மூடியைத் துண்டால் துடைத்து, பத்திரமாக அலமாரிக்கு மேலே வைத்தார். அப்படிப்பட்டவர் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் எண்பத்துநாலு வயதுப் பெண்மணியின் சாப்பாட்டுக் குறிப்பை மாற்றிவிட்டார் என்று திரை சொன்னது. ‘கடைசியாக மாற்றியவர்: சவேரியாரடிமை.’

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதச் சிரிப்பு கழன்றுபோய்விட்டது. இருந்தாலும் தொடங்கியதை முடிக்கிறேன்.

முதலில் பெயர்க் கதை. நம் ஊரில் நான் ச. ஷீபா. அந்த ‘ச’ என்னவென்று யாரும் கேட்டதில்லை. கடியப்பட்டணத்தில் எல்லோருக்கும் தெரியும், வெளியே யாருக்கும் தேவைப்படவில்லை. 2004-இல் வேலை கிடைத்து இரணியலில் ரயிலேறிச் சென்னைக்குப் போனபோதுதான் பாஸ்போர்ட் எடுத்தேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் தொல்லை என்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் பயமுறுத்தினார். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு எங்கே இருக்கிறது? அப்பா பெயரைப் போட்டேன். 2008-இல் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அரசாங்கக் கடிதங்களுக்கெல்லாம் நான் திருமதி சவேரியாரடிமை. நகராட்சிக் கவுன்டரில் இருக்கும் பெண் அந்தப் பெயரை மூன்றாவது அசை வரைக்கும் தைரியமாகப் படிப்பாள். அதற்குமேல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், நான் எழுந்து போவேன்.

2

என் வேலை முதியோர் இல்லங்களுக்கான மென்பொருள். யாருக்கு என்ன மாத்திரை, யாருக்கு உப்பு ஆகாது, யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது எல்லாம் அதில் இருக்கும். ஜாவாவில் எழுதியது. சேர்ந்த மூன்றாவது வருடம் என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். எந்தக் குறிப்பை யார் உண்டாக்கினார்கள், யார் கடைசியாக மாற்றினார்கள் என்பது தானாகவே பதிவாக வேண்டும். நர்ஸிடம் ‘கையெழுத்துப் போடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கேட்டாலும் அவசரத்தில் மறந்துவிடுவார்கள்.

இதைச் செய்வது அப்படியொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஒவ்வொரு அட்டவணையிலும் நான்கு கட்டங்கள் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: உண்டாக்கியவர், உண்டாக்கிய நேரம், கடைசியாக மாற்றியவர், மாற்றிய நேரம். ஜாவா நிரலில் அந்த நான்கின் தலையிலும் ஒவ்வொரு அடையாளக் குறி வைத்துவிட்டால் போதும். ஒரு குறிப்பு சேமிக்கப்படும் ஒவ்வொரு தடவையும், அதற்கு ஒரு நொடி முன்னால், ‘இப்போது உள்ளே இருப்பது யார்?’ என்று ஒரு சின்ன நிரல்துண்டு கேட்கும். உள்ளே நுழைந்திருப்பவரின் பெயரை வாங்கிக் கட்டத்தில் எழுதிவிடும். நர்ஸுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

சிக்கல் ஒரே இடத்தில்தான். தினமும் மதியம் ஒரு மணிக்கு, எல்லோரும் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது, பழைய அமைப்பிலிருந்து வரும் கோப்பு ஒன்றைப் புதிய அமைப்பு தானாகவே வாசித்து ஏற்றிக்கொள்ளும். அப்போது உள்ளே ஆளே இல்லை. ‘யார்?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே? பதில் இல்லாவிட்டால் சேமிப்பதே நின்றுவிடும். சோதித்துப் பார்க்கிற அவசரத்தில், ஆள் இல்லாதபோது சொல்ல வேண்டிய பெயர் என்று அமைப்புக் கோப்பில் என் பெயரையே தட்டினேன். இங்கே எங்கள் பயனர் பெயர் குடும்பப் பெயர்தான். விரல் பழக்கத்தில் போய்விட்டது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த ‘அப்புறம்’ என்ற சொல்லால் என்னைப் போலக் கெட்டவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம்.

ஆக, இரண்டு வருடமாக ஒவ்வொரு மதியமும் ஒரு மணிக்கு அப்பா நெதர்லாந்தின் முதியோர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியாது.

3

நடுவில் பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகள் லியாவுக்கு எட்டு வயது. இங்கே குழந்தைகள் வகுப்பில் ஒரு பொருளைப் பற்றித் தனியாக நின்று பேச வேண்டும். அவள் குடும்பத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தாத்தாவின் பெயருக்கு அர்த்தம் கேட்டாள். சவேரியாருக்கு அடிமை என்று சொன்னேன். எங்கள் கடற்கரையில் அது எவ்வளவு செல்லமான பெயர் என்று சொல்ல எனக்கு டச்சு போதவில்லை. புரிந்துகொள்ள அவளுக்குத் தமிழ் போதவில்லை. அவள் அகராதியில் தேடி நேராக எழுதிவிட்டாள்: என் தாத்தா ஒரு அடிமை.

டீச்சர் லியாவோடு என்னையும் என் கணவரையும் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மெல்லிய குரலில், எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். என் கணவர் ரெஜி பூ ஏலக் கூடத்தில் வண்டி ஓட்டுகிறார். அவருடைய டச்சு மொழி சந்தையில் கற்றது. ‘அடிமை இல்லை, ஒரு புனிதருக்கு ஊழியர்’ என்று விளக்கப் பாய்ந்தார். புனிதருக்கு இங்கே ‘ஹைலிகே’. தள்ளுவண்டியில் விற்கிற மத்தி மாதிரி மீன் ‘ஹாரிங்’. என் மாமனார் மீன்பிடிப்பவர், அவர் ஒரு ஹாரிங்குக்கு அடிமை என்று ரெஜி பெருமையாகச் சொல்லி முடித்தார். டீச்சர் அதையும் குறித்துக்கொண்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். லியா சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில், இனி பள்ளிக்கு அப்பா வர வேண்டாம் என்றாள். தாத்தாவை எடுத்துவிட்டுக் காற்றாலையைப் பற்றிப் பேசினாள். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் காடே இருக்கிறது என்று சொன்னேன். “எங்களைப் பார்த்துக் கட்டினார்களா?” என்று கேட்டாள். ‘எங்களை’ என்றாளே, அது என்னை வருத்தியது.

எனக்கு மொழி கொஞ்சம் கைகொடுத்தது. இங்கே சிலர் சொல்லின் கடைசியில் வரும் ‘ர’வை நாக்கை மடக்கி ஏறத்தாழ நம் ‘ழ’ போலச் சொல்வார்கள். டச்சு வகுப்பில் மற்ற நாட்டுக்காரர்கள் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருக்க, நான் முதல் நாளே ‘வாத்தழ்’ என்று தண்ணீர் கேட்டேன். எங்கே கற்றாய் என்று ஆசிரியர் கேட்டார். கன்னியாகுமரி என்றேன். பல்கலைக்கழகமா என்றார்.

4

இனி புகார். ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை. காலையில் எங்கள் குழு ஆறு பேரும் நின்றபடியே பேசும் கூட்டம். மூத்த நிரலாளர் மார்ட்டைன் ஒரு கடிதத்தை வாசித்தார். எங்கள் மென்பொருள் ஓடும் இல்லத்தில், மீன் ஒத்துக்கொள்ளாத பெண்மணி ஒருவருக்கு ஞாயிறு மதியம் மீன் பரிமாறிவிட்டார்கள். தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவருடைய குறிப்பில் ‘மீன் கூடாது’ என்று இருந்த வரி வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அழிந்திருக்கிறது. அவருடைய மகள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: அந்த வரியை அழித்தது யார்?

“இல்லத்தின் ஊழியர் பட்டியலில் இந்தப் பெயரே இல்லையாம். சா-வா-ரி...” மார்ட்டைன் எழுத்தெழுத்தாகக் கூட்டினார். “நம்மில் யாருக்காவது தெரியுமா?”

எங்கள் அலுவலகத்தில் தலைவர் முதல் துப்புரவு செய்பவர் வரை முதல் பெயர்தான். அவர்களுக்கு நான் ஷீபா; பயனர் பெயரை நுழையும்போது அவரவர் தட்டுவதோடு சரி, மற்றவர் திரையில் வராது. என் முழுப் பெயர் தெரிந்தவர் என் மேலாளர் ஹன்னெகே மட்டும். என் ஒப்பந்தமும் விசா காகிதங்களும் அவர் கையில்தான். அவர் அந்த வாரம் விடுமுறையில் கூடாரத்தோடு பிரான்ஸ் போயிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். இந்த நாட்டில் ஐந்து வருடம் நிறைந்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். எனக்கு மூன்று மாதம் பாக்கி. அதுவரை எங்கள் மூவரின் இருப்பும் என் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால், கொஞ்ச நாளில் இன்னொன்று கிடைக்காவிட்டால், மூட்டை கட்ட வேண்டியதுதான். தமிழ் வாசிக்கத் தெரியாத லியாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற யோசனை வரைக்கும் அந்த நின்றபடிக் கூட்டத்திலேயே போய்விட்டேன்.

பிற்பகலில் பார்ப்பதாகச் சொன்ன மார்ட்டைனுக்கு, மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. போய்விட்டார். நான் என் மேஜைக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை வந்த கோப்பைத் திறந்து பார்த்தேன். பழைய அமைப்பு தவறுதலாகப் போன வருடக் கோப்பை அனுப்பியிருந்தது. அந்தப் பெண்மணியின் ஒவ்வாமை கண்டுபிடிக்கப்பட்டது அதற்குப் பிறகு. பழையது வந்து புதியதன் மேல் படிந்துவிட்டது. அதில் என் கை இல்லை. என் பெயர் மட்டும்தான் இருந்தது.

இதை அப்படியே சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் பயந்தவளுக்கு அவ்வளவு நேரம் ஏது? நான் கட்டிய பதிவு முறைக்கு ஒரு ஓட்டை உண்டு. ஜாவா வழியாகப் போகிற மாற்றத்தைத்தான் அது பார்க்கும். தரவுத்தளத்துக்குள் நேராக இறங்கி ஒரு கட்டளை அடித்தால் அதற்குத் தெரியாது. நேராக இறங்குகிற உரிமை குழுவில் இரண்டு பேருக்கு; ஒன்று மார்ட்டைன், இன்னொன்று நான். அமைப்புக் கோப்பில் என் பெயரை எடுத்துவிட்டு ‘சிஸ்டம்’ என்று போட்டேன். அது முறையான திருத்தம். அப்புறம் தரவுத்தளத்தில் இறங்கி, அந்த ஒரு பெண்மணியின் ஒரு வரியில், அப்பாவின் பெயரை அழித்து ‘சிஸ்டம்’ என்று எழுதினேன். அது திருட்டு.

மறுநாள் மார்ட்டைன் பார்த்தார். ‘சிஸ்டம்’ என்றிருந்தது. தானியங்கி ஏற்றத்தில் நேர்ந்த பிழை, அந்தப் பெயர் திரையில் தவறாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்று இல்லத்துக்கு எழுதினார். என் பொய்க்கு அந்த நல்ல மனிதர் கையெழுத்துப் போட்டார்.

5

வெப்ராளம் என்று எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு. பதற்றம் என்றால் போதாது, கவலை என்றால் ஒட்டாது. உட்கார முடியாது, நிற்க முடியாது, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த மாதிரியே இருக்கும். புதன்கிழமை வரை தாக்குப்பிடித்தேன். சைக்கிளில் வேலைக்குப் போகும்போது இரண்டு தடவை சிவப்பு விளக்கைத் தாண்டினேன். லியாவின் சாப்பாட்டு டப்பாவில் ரொட்டிக்குப் பதில் ரெஜியின் கையுறையை வைத்து அனுப்பினேன். கடைசியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரெஜியிடம் சொல்லிவிட்டேன்.

“நீ என்னத்துக்கு இப்பிடி வெப்ராளப்படுக?” என்றார். “கோப்ப அனுப்பினது அவனுவ. உனக்க தப்பு ஒண்ணும் இல்லியே.”

“அந்த வரிய மாத்தினது நானாக்கும்.”

“ஆரும் பாத்தாவளா?”

“இல்ல.”

“அப்பம் சவத்த விடு. மூணு மாசம் வாயப் பொத்திட்டு இரி. கார்டு கையில வந்த பொறவு நீ பள்ளியில மணியடிச்சுச் சொன்னாலும் சரி.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். நியாயம் இல்லாமல் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

6

ஒரு நெய்மீன் விஷயம் இருபத்தைந்து வருடமாக எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை, ரெஜியிடம்கூட.

அப்பாவும் டென்னிஸ் மாமாவும் ஒரே கட்டுமரத்தில் தூண்டிலுக்குப் போவார்கள். மாமா அம்மாவுக்குத் தூரத்து உறவு, அப்பாவுக்குக் கூட்டாளி. மரத்தில் மீனையெல்லாம் ஒன்றாகப் போட்டு வைப்பதால், எது யார் பிடித்தது என்று தெரிய வேண்டும். அப்பா தன் தூண்டிலில் விழுந்த மீனின் வாலில் மேல்பக்கம் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார். மாமாவின் மீனுக்கு வெட்டு இல்லை, வெறும்வால். அவ்வளவுதான் ஏற்பாடு. கரைக்கு வந்ததும் வாலைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள்.

எனக்கு ஒன்பது வயது. புதுநன்மைக்கு இரண்டு நாள் இருந்தது. கோவிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் கரையில் கல்யாணத்துக்கு அடுத்த விருந்து அதுதான். மரம் கரையேறியதைப் பார்த்து ஓடினேன். மாமா துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு மேலே போயிருந்தார். அப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார். என் கை நீளத்துக்கு ஒரு நெய்மீன், வெறும்வால். அப்பா கத்தியை எடுத்தார், வாலில் மேல்பக்கம் வெட்டினார். நிமிர்ந்தபோது எதிரே நான் நின்றிருந்தேன்.

“ஏட்டி, வீட்டுக்குப் போ. அம்மை தேடுவா” என்றார். குரல் அப்பாவுடையதாகவே இல்லை.

அந்த மீன்தான் என் புதுநன்மை விருந்துக்குக் குழம்பானது. டென்னிஸ் மாமா முதல் வரிசையில் உட்கார்ந்து, தன்னுடைய மீனை, நல்ல ருசி என்று சொல்லி இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். நான் வெள்ளைக் கவுனில் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை. பிள்ளைக்கு பக்தி என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அப்பாவை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் அந்த வால் என்னை விடவில்லை. அவர் செய்தது எங்கேயும் எழுதப்படவில்லை. செய்யாதது இங்கே எழுதப்பட்டது. எழுதப்பட்டதையும் நான் அழித்தேன், அவர் குனிந்த மாதிரியே குனிந்து.

7

சனிக்கிழமை அப்பாவின் நினைவுநாள். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. இங்கே காலை ஒன்பது மணிக்கு அம்மாவை அழைத்தேன்.

“பூசையில அப்பா பேரு வாசிச்சாவளா?”

“வாசிச்சாரு. ஒப்புக்கொடுப்பது மனைவி மக்கள்னு சாமியாரு நல்லா நிறுத்திச் சொன்னாரு. இந்தா, டென்னிஸ் மாமா இருக்காரு, பேசு.”

மாமாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். கத்தித்தான் பேசுவார்.

“மக்கா, சொகமா இருக்கியா? பிள்ள மீன் திங்காளா?”

“முள்ளில்லாத மீன் மட்டும் திம்பா மாமா.”

“அது மீனா? பஞ்சில்லியா!”

சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தோடு வைத்திருக்கலாம். அந்த வாரத்து வெப்ராளம் என் வாயைத் திறந்துவிட்டது.

“மாமா, ஒரு காரியம் கேக்கணும். எனக்க புதுநன்மைக்கு நெய்மீன் குழம்பு வச்சமே, ஓர்மை இருக்கா?”

“ஓர்மை இல்லாம பின்ன? ரெண்டு தடவ வாங்கித் தின்னேனே.”

“அது உங்க மீன் மாமா. கரையில வச்சு அப்பாதான் வால வெட்டினாரு. நான் பாத்தேன்.”

எதிர்முனையில் பாத்திரச் சத்தம். அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. மாமா எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. அவரும் குரலைக் குறைத்தார்.

“நானும் பாத்தேன் மக்கா.”

“நீங்க அங்க இல்லியே?”

“வெட்டுகதப் பாக்கல. வாலுல கெடந்த வெட்டப் பாத்தேன். மீனு உசிரோட கெடக்கும்போ வெட்டுனா ரெத்தம் கட்டிக் கறுத்துக் கெடக்கும். இது வெள்ளையா கெடந்து. ஏலத்துக்கு நிக்க எல்லாவனுக்கும் பாத்த ஒடனே தெரிஞ்சிரும். அதாக்கும் அவனுவ பாக்கதுக்கு முந்தி நான் ஓடிவந்து அந்த மீனத் தூக்கி உங்க அம்மைக்க கடவப் பெட்டியில போட்டது.”



“ஏன் மாமா ஒண்ணும் கேக்கல?”

“என்னத்தக் கேக்க? உனக்க புதுநன்மைக்குன்னு எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தாம்னா நானே தூக்கிக் குடுத்திருப்பேன். கேக்கல. அது மட்டும் எனக்குச் சங்கடம்.” கொஞ்சம் இருமினார். “மறுநாளு மரந்தள்ளும்போ உங்கப்பன் சொன்னான், ‘டென்னிசே, இனி வெட்டு நீ போடு. எனக்கது சும்மா கெடக்கட்டு.’ வேற ஒரு வார்த்த இல்ல. அதுக்குப் பொறவு அவன் கடலுக்கு வந்த கடைசி நாளு வரைக்கும் எனக்க மீனுக்கு வெட்டு, அவனுக்கதுக்கு வெறும்வாலு. கேட்டியா?”

“கேக்கேன் மாமா.”

“எனக்கும் ரெண்டு மூணு தடவ கை அரிச்சது உண்டு” என்று சொல்லி மறுபடியும் பழைய குரலில் சிரித்தார். “சோறு ஆறுது, வைக்கட்டா?”

போனை வைத்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. வெறும்வாலில் யார் வேண்டுமானாலும் வெட்டுப் போடலாம். வெட்டு விழுந்த வாலை வெறும்வால் ஆக்க முடியாது. அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. தன் மீனையெல்லாம் மாமாவின் கத்திக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, பதினாறு வருடம் கடலுக்குப் போயிருக்கிறார்.

சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். லியா வந்து, தாத்தாவுக்காகவா என்று டச்சில் கேட்டாள். ஆமாம் என்றேன். முழுப் பொய் இல்லை.

8

என் வெட்டிலும் ரத்தம் இல்லை. இது ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி ஏற்றத்தில் நானூற்றுச் சொச்சம் குறிப்புகள் மாறியிருந்தன. எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர் அப்படியே இருக்கிறது. நடுவில் ஒன்றே ஒன்றில் ‘சிஸ்டம்’. பயம் ஒரு வரியைத்தான் பார்த்திருக்கிறது. பக்கத்து வரியை யார் பார்த்தாலும் தெரிந்துவிடும், எங்கள் கரை ஏலக்காரர்களுக்குத் தெரிகிற மாதிரி.

ஆனால் மாட்டிக்கொள்வேன் என்பதற்காக மட்டும் ஹன்னெகேயின் அறைக்குப் போனேன் என்று சொன்னால் அதுவும் சரியில்லை. மார்ட்டைனின் கையெழுத்து என்னை உறுத்தியது. தன் அம்மாவின் தொண்டை வீங்கியதைப் பார்த்துவிட்டு, யார் என்று மட்டும் கேட்ட அந்த மகள் உறுத்தினாள். திங்கட்கிழமை காலையில் ரெஜியிடம் சொன்னேன். “சரி, போ. மூட்ட கெட்டணும்னா நானும் கூட இருந்து கெட்டுகேன்” என்றார்.

ஹன்னெகேயின் முகம் வெயிலில் சிவந்திருந்தது. விடுமுறை எப்படி என்று கேட்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சவேரியாரடிமை நான்தான், நானல்ல என் அப்பா, அவர் மீன் பிடித்தவர் என்று குழறினேன். அவர் தன் அலமாரியிலிருந்து என் ஒப்பந்தத்தை எடுத்துப் பெயரைப் பார்த்தார்.

“கோப்பு தப்பாக வந்ததற்கு நீ பொறுப்பில்லை. பிறகு ஏன் அழித்தாய்?”

“பயம்.”

“கேட்டிருக்கலாமே, ஷீபா. நான் போனை எடுத்திருப்பேன். பிரான்ஸிலும் போன் இருக்கிறது.”

கேட்டிருந்தாம்னா குடுத்திருப்பேன். வேறு மொழி, வேறு ஆள், அதே சங்கடம். என்னால் அங்கே தலைநிமிர முடியவில்லை.

முடிவு சொல்ல அவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளைப் பற்றி எழுத மாட்டேன். புதன்கிழமை கூப்பிட்டார். வேலை இருக்கும், எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை என் கோப்பில் சேரும், இல்லத்துக்கும் அந்த மகளுக்கும் உண்மையை எழுதுவார்கள், அதில் நானும் கையெழுத்திட வேண்டும். அந்த ஒரு வரியில் நான் அழித்த பெயர் திரும்ப வரும், பக்கத்தில் விளக்கத்தோடு. மார்ட்டைன் ஒரு வாரம் என்னிடம் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. எட்டாவது நாள் கேட்டார்.

எச்சரிக்கைக் கடிதத்தோடு நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. செப்டம்பரில் விண்ணப்பம் போட்டோம். இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை. தபால் பெட்டி சத்தம் கேட்டால் இன்னும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன்.

ஆனால் அந்தப் புதன்கிழமையே நான் ஒன்று கேட்டேன்.

“தரவுத்தளத்தில் நேராக இறங்கி மாற்றுகிற உரிமையை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள்.”

ஹன்னெகேவுக்குப் புரியவில்லை. “நாங்கள் அப்படித் தண்டிக்கவில்லையே. அவசரத்தில் ஏதாவது திருத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் நீ மார்ட்டைனிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.”

“கேட்டுக்கொள்கிறேன்” என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, உரிமைகள் பட்டியலைத் திறந்து, ஒரு டிக்கை எடுத்தார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மார்ட்டைனின் பெயருக்கு எதிரே குறி இருந்தது. அதற்குக் கீழே சவேரியாரடிமை. எதிரே வெறும் கட்டம்.

வெறும்வால்.